பறக்காத வண்டுக்கு ஒரு பெயர்

மழைக்கால இரவுகளில் விளக்கொளியை நாடிப் பல பூச்சிகள் வருகின்றன. அவற்றுள் எறும்பைப்போல் நீண்ட உடலும், ஆரஞ்சும் கருமையும் கலந்த நிறமும் உடைய சிறு வண்டு ஒன்றை நீங்கள் கண்டிருக்கலாம். அதனைத் தோலின்மேல் வைத்து நசுக்கினால் அவ்விடம் எரிந்து கொப்புளிக்கும். பேடரஸ் எனப்படும் அவ்வண்டு, ஸ்டாஃபிலினிடே என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தில் 60,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன.

பெரும்பாலான வண்டுகளுக்கு முன்னிறக்கைகள் கடினமான உறைபோல் அமைந்து முதுகை முழுவதும் மூடியிருக்கும். இக்குடும்பத்து வண்டுகளுக்கோ அவை மிகக் குட்டையானவை. வயிற்றுப்பகுதி வெளியே தெரியும். ஆதலின் இவற்றைக் குறுஞ்சிறகு வண்டுகள் என இப்பாடத்தில் அழைப்போம். பேடரஸ் வண்டின் பின்னிறக்கைகள் அவ்வுறைக்குள் மடிந்திருக்கும். அவற்றை விரித்து அது பறந்து வருகிறது. ஆனால், அதன் உறவினருள் பறக்கவே இயலாதவையும் உள்ளன.

மலையும் ஒரு தீவே

இமயமலையின் உயர்ந்த சரிவுகளில், கற்களின் அடியிலும் பாசியிலும் சருகுகளிலும் சில மில்லிமீட்டர் நீளமே உடைய குறுஞ்சிறகு வண்டுகள் வாழ்கின்றன. அவற்றுள் பலவற்றிற்குப் பின்னிறக்கைகள் தேய்ந்து பயனற்றுப் போயுள்ளன. இதற்குக் காரணம் என்ன? இறக்கைகளையும் அவற்றை இயக்கும் தசைகளையும் வளர்க்க மிகுந்த ஆற்றல் வேண்டும். உணவும் உறைவிடமும் காலடியிலேயே கிடைக்கும்பொழுது அச்செலவு வீணாகிறது. மேலும், பலத்த காற்று வீசும் இடத்தில் பறப்பது அடித்துச் செல்லப்படும் ஆபத்தையும் தரும். மதீராத் தீவில் வாழும் 550 வண்டுச் சிற்றினங்களுள் 200 பறக்க இயலாதவை என்பதைச் சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டிக் காற்றையே ஒரு காரணமாகக் கூறினார்.

கடல் தீவுகளைப் பிரிப்பதுபோல, வெப்பமான பள்ளத்தாக்குகள் மலைமுடிகளைப் பிரிக்கின்றன. பறக்காத வண்டு பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த மலையை அடைவது அரிது. பல்லாயிரம் தலைமுறைகள் தனித்து வாழ்ந்தபின், அண்டை மலைகளின் வண்டுகள் வெவ்வேறு சிற்றினங்களாக மாறிவிடுகின்றன. லாத்ரோபியம் என்னும் பேரினத்தில், ஒரே மலையிலோ மலைத்தொடரிலோ மட்டும் வாழும் சிற்றினங்கள் பல உள்ளன.

புதியது என்று எப்படி அறிவது?

ஆய்வாளர் சருகையும் பாசியையும் சல்லடையில் சலித்து வண்டுகளைப் பிரித்தெடுக்கிறார். ஆல்கஹாலில் இட்டுப் பாதுகாக்கிறார். பின்னர்ச் சிறு அட்டைத்துண்டின்மேல் பசையால் ஒட்டுகிறார். அதன் கீழே இடம், உயரம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவை எழுதிய சீட்டு இடம்பெறும். எங்கே வாழ்ந்தது என்று தெரியாத வண்டினால் ஆய்வுக்குப் பயன் மிகக் குறைவு.

அடுத்தது ஒப்பீடு. கண், உணர்கொம்பு, இறக்கை ஆகியவற்றின் அளவுகள் நுண்ணோக்கியின்கீழ்க் குறிக்கப்படும். புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் சிற்றினங்களும் உண்டு. அந்நிலையில் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பின் வடிவமே வேறுபாட்டைக் காட்டும். பழைய விளக்கங்களையும் படிக்க வேண்டும். இந்தியப் பகுதியின் குறுஞ்சிறகு வண்டுகளைப் பற்றி மால்கம் கேமரன் எழுதிய தொகுதிகள் 1930 முதல் 1939 வரை வெளிவந்தன. அவை இன்றும் புரட்டப்படுகின்றன. முன்பே பெயர் பெற்ற வண்டுக்கு மீண்டும் பெயரிட்டால் குழப்பமே மிஞ்சும்.

புதியது என உறுதியானபின், உலகப் பொதுவிதிகளின்படி பெயர் சூட்டப்படுகிறது. விலங்குகளின் பெயரிடல், லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட பதிப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. பெயரின் முதற்சொல் பேரினத்தையும், இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். விளக்கத்துடன் பெயர் முறையாக வெளியிடப்பட வேண்டும். ஒரு வண்டு அப்பெயருக்குரிய மூலமாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்படும். 1916-இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் கொல்கத்தாவில் அத்தகைய மாதிரிகளைக் காத்து வருகிறது. பின்னாளில் ஐயம் எழுந்தால், அம்மாதிரியே சாட்சி கூறும்.

பெயரினால் விளையும் பயன்

மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். ஆகவே, புவியின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அதே குளிர்ச்சியைப் பெற ஓர் உயிரி ஏறத்தாழ 150 மீட்டர் மேலே செல்ல வேண்டும். சரிவில் வாழும் வண்டு மெல்ல ஊர்ந்து ஏறலாம். உச்சியில் வாழும் வண்டு எங்கே செல்லும்? அதற்கு மேலே மலை இல்லை. பறந்து செல்ல இறக்கையும் இல்லை.

பெயரற்ற உயிரி அழிந்தால், அழிந்தது என்று சொல்லவும் ஆள் இருக்காது. அழியும் நிலையிலுள்ள உயிரிகளின் பட்டியலில் சேர்க்கவும், அதன் வாழிடத்தைக் காக்குமாறு கேட்கவும் முதலில் அதற்கு ஒரு பெயர் வேண்டும். அரிசிமணியினும் சிறிய வண்டுக்காக ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் உழைப்பது இதற்காகவே.

சிந்தித்து விடை எழுதுக

1. குறுஞ்சிறகு வண்டுகளை மற்ற வண்டுகளிலிருந்து வேறுபடுத்தும் உறுப்பு எது?
2. மலைமுடியைத் தீவுக்கு ஒப்பிடுவது ஏன்?
3. மாதிரியுடன் இணைக்கப்படும் சீட்டில் இடம்பெற வேண்டியவை யாவை?
4. ‘பெயரிடுதல் காப்பதன் முதற்படி’ – இக்கருத்தை உம் சொந்த நடையில் விளக்குக.