ஆட்கொல்லிப் புலிக்கு எந்தத் தோட்டா? கார்பெட்டும் ஆண்டர்சனும் நம்பிய 3 ரைஃபிள்கள்!

மாட்டுப் பொங்கல் வந்துவிட்டால், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். பாலாற்றங்கரையில் இருக்கும் பழைய சீவரம்வரை போய்த் திரும்பும் உற்சவம் அது. பெயரில்தான் வேட்டை. எந்த உயிருக்கும் சேதமில்லை!

ஆனால், 70 ஆண்டுகளுக்கு முன்பு தமிழகக் காடுகளில் நிஜமாகவே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடி அலைந்தவர், பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974). அவருக்கு முன்பே வடக்கில் குமாவுன் மலையில் பெயர் பெற்றவர் ஜிம் கார்பெட். எந்தத் தோட்டாவை நம்பிக் காட்டுக்குள் போவது என்பது இருவருக்குமே உயிர்ப் பிரச்னை.

ஒரு குண்டு செய்த வினை

1907-ல் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி, 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்பக்கத்தின் மேல், கீழ் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. எப்போதோ, யாரோ சுட்ட குண்டின் காயம்! மானைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களைத் தேடி வந்தது என்கிறார் கார்பெட். சரியாகப் படாத ஒரு குண்டுக்கு ஊர் ஊராக விலை கொடுத்திருக்கிறார்கள்.

எண்களுக்கு என்ன அர்த்தம்?

தோட்டாவின் பெயரில் வரும் எண், பெரும்பாலும் குழலின் விட்டத்தை அங்குலத்தில் சொல்வது.

.275 ரிக்பி: சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட், கார்பெட்டுக்குப் பரிசளித்த ரைஃபிள் இந்த ரகம்தான். குண்டின் எடை சுமார் 9 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 820 மீட்டர். சக்தி ஏறக்குறைய 3,000 ஜூல். தோளில் உதைப்பது குறைவு, குறி தப்பாது.

.405 வின்செஸ்டர்: ஆண்டர்சனின் தோழன். 1904-ல் அறிமுகமானது. 19 கிராம் குண்டு, நொடிக்கு 670 மீட்டர், சுமார் 4,300 ஜூல். லீவரைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா தயார். குண்டு தடிமனாக, குட்டையாக இருப்பதால் தூரம் போகப் போக வேகம் இறங்கிவிடும். புதர்க்காட்டில் கிட்டத்தில் சுடுவதற்குப் போதும். அமெரிக்க முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட், 1909-ல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குக் கொண்டுபோனதும் இதைத்தான்.

.450/400: .450 தோட்டாவின் கூட்டைக் கழுத்தில் குறுக்கி, .400 குண்டு பொருத்தியது. 26 கிராம் குண்டு, சுமார் 5,400 ஜூல். கார்பெட்டிடம் இருந்தது இரட்டைக்குழல் ரைஃபிள். இரண்டாவது குண்டைச் சுட எதையும் இழுக்க வேண்டாம். ஆனால் கனம் அதிகம், உதையும் பலம்.

பெரியதுதான் சிறந்ததா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பலவற்றை .275 ரகத் தோட்டாவால்தான் வீழ்த்தினார். மூளை எங்கே இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி.

குண்டின் வகையும் முக்கியம். ஈய முனைக் குண்டு, உடலுக்குள் போனதும் காளான் மாதிரி விரியும். புலி, சிறுத்தைக்கு அது. முழுக்க உலோக உறை போட்ட கெட்டிக் குண்டு விரியாமல் எலும்பைத் துளைத்துப் போகும், யானைக்கு அது. மாற்றிப் போட்டால் விலங்கு காயத்தோடு ஓடிவிடும். அடுத்த ஆட்கொல்லி தயார்!

1930-ல் சௌகர் பெண்புலி சில அடி தூரத்தில் கார்பெட்டை எதிர்கொண்டது. அவரது இடக்கையில் பறவை முட்டைகள். வலக்கையால் மட்டும் துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். அன்று தன்னைக் காப்பாற்றிய மூன்று விஷயங்களில் ஒன்றாக, கையிலிருந்த இலகுவான ரைஃபிளையும் அவர் குறிப்பிடுகிறார். கனமான இரட்டைக்குழலை ஒற்றைக்கையால் அப்படித் திருப்புவது நடக்கிற காரியமா?

1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், இந்தியாவில் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆண்டர்சன் நடந்த கிருஷ்ணகிரி, தருமபுரிக் காடுகளில் 2022-ல் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ரைஃபிள்களின் காலம் முடிந்துவிட்டது.

காஞ்சிப் பெருமாளின் பார்வேட்டை மட்டும் தொடர்கிறது. அதற்குத் தோட்டா தேவையில்லை!