நான்காவது பாட்டிலுக்கு முன்னால்

கிருமித்தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு கட்டுமீறிப் போய், ரத்தக் குழாய்கள் தளர்ந்து, ரத்த அழுத்தம் சரிவதே செப்டிக் ஷாக். விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்பில் வேலை செய்பவருக்கு இது வந்தால், உறவினர்கள் முதலில் கேட்பது "டிரிப்ஸ் ஏத்திட்டீங்களா?" என்றுதான். கேள்வி நியாயமானது. எடையில் கிலோவுக்கு 30 மில்லி வீதம் முதல் 3 மணி நேரத்தில் ஏற்றலாம் என்று 2021இன் சர்வதேச வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது. 50 கிலோ ஆளுக்கு அது ஒன்றரை லிட்டர், அதாவது மூன்று அரை லிட்டர் பாட்டில்கள். அதற்குப் பிறகும் அழுத்தம் ஏறாவிட்டால் நான்காவதை மாட்டுவதா என்பதில்தான் உயிர் ஊசலாடுகிறது.

இந்த நிலையில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கூடுதல் திரவத்தால் இதயம் வெளித்தள்ளும் ரத்தம் கூடுகிறது. இதயத் தசை விரிவதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி உள்ளே போகும் நீர் நுரையீரலில் கசிந்து மூச்சை அடைக்கும். அதே வட்டாரத்தின் பீங்கான் தொழிலில் சிலிக்கா தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவருக்கு அதைத் தாங்கும் வலு இன்னும் குறைவு. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளிவந்த ஃபீஸ்ட் ஆய்வில், திரவம் வேகமாக ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 48 மணி நேரத்துக்குள் இறந்தனர். ஏற்றப்படாதவர்களில் இறந்தது நூற்றுக்கு ஏழு பேரே. அங்கே மலேரியாவும் ரத்தசோகையும் மிகுதி, வென்டிலேட்டர் வசதியும் இல்லை; அந்த முடிவை நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது சரியான மறுப்புதான். ஆனாலும், ஏற்றுகிற தண்ணீரால் கெடுதல் வராது என்ற நம்பிக்கை அதோடு உடைந்துவிட்டது.

கூடுதல் திரவம் பலன் தருமா என்பதை, அதை ஏற்றாமலே முன்கூட்டி அறிய ஒரு வழி இருக்கிறது. தலைப்பக்கம் 45 டிகிரி உயர்ந்த கட்டிலை, உடல் கிடையாகவும் கால்கள் 45 டிகிரி உயரமாகவும் இருக்கும்படி சாய்க்க வேண்டும். கையால் காலைத் தூக்கினால் வலியே நாடியை ஏற்றிக் கணக்கைக் குழப்பிவிடும். கால்களிலும் வயிற்றிலும் தேங்கிய ரத்தம், சுமார் 300 மில்லி, இதயத்துக்கு ஓடிவருகிறது. ஒரு நிமிடத்துக்குள் இதயம் தள்ளும் ரத்தம் 10 சதவீதமாவது கூடினால் திரவம் பலன் தரும். கட்டிலை இறக்கினால் அந்த ரத்தம் திரும்பிப் போய்விடும். பாட்டிலில் ஏற்றியதை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. இதை அளக்க எக்கோ கருவியும் பழகிய கையும் வேண்டும், ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், வயிறு இறுகியிருந்தால் சோதனையே பொய்க்கும். இவை உண்மையான குறைகள். எக்கோ இல்லாத இடத்தில் விரல் நுனியை 10 விநாடி அழுத்திவிட்டு, வெளுத்த இடம் 3 விநாடிக்குள் சிவக்கிறதா என்று பார்க்கலாம். சிவந்தால் அடுத்த பாட்டிலுக்கு அவசரமில்லை. இந்த விரல் சோதனையை வைத்தே சிகிச்சையை நடத்தலாம் என்று 2019இன் ஆண்ட்ரோமெடா ஆய்வு காட்டியது.

மருத்துவர் டிரிப்ஸை நிறுத்திவிட்டு, அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்துக்கு மாறினால், கைவிட்டுவிட்டார் என்று எண்ணிச் சண்டைக்குப் போகாதீர்கள், "கால் உயர்த்திப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.