சனது அறுந்த ஒரு சமயம்

கிரேக்க நாட்டில் 2017ஆம் ஆண்டு ஒரு புதுமை நிகழ்ந்தது. ஸீயஸ், அதீனா, அப்பொல்லோ முதலான பழங்கடவுளரை வழிபடுவோருக்கு அந்நாட்டரசு ‘அறியப்பட்ட மதம்’ என்னும் தகுதியை வழங்கியது. 1997இல் ஏதென்ஸ் நகரில் அமைக்கப்பெற்ற அவர்களின் உயர்மன்றம் நெடுநாள் முயன்று பெற்ற தகுதி அது. கோயில்கள் மூடப்பட்டுப் பதினாறு நூற்றாண்டுகள் கடந்தபின் அவ்வழிபாடு சட்டத்தின் பார்வைக்குள் மீண்டும் வந்தது. கிரேக்கத்திற்கு வெளியே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவ்வழியைப் பின்பற்றுவோர் சிறு எண்ணிக்கையில் உள்ளனர். இவர்கள் தம் சமயத்தை யாரிடம் கற்கிறார்கள் என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

மார்க்கக் கல்வியில் சனதுக்கு உள்ள இடத்தை நம் வாசகர்கள் நன்கறிவர். உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதியவர், அந்த உஸ்தாதும் தம் உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதியவர் என அச்சங்கிலி பின்னோக்கிச் செல்லும். ஏட்டை மட்டும் நம்பிக் கற்றவனை ‘ஸஹஃபீ’ என்று பழைய அறிஞர்கள் சற்று இளக்காரமாகவே குறிப்பிட்டனர். கிரேக்கக் கடவுளரை இன்று வழிபடுவோர் அனைவரும் இந்தப் பொருளில் ஸஹஃபீகளே. வேறு வழி அவர்களுக்கு இல்லை.

சங்கிலி அறுந்த காலம் ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. கி.பி. 391, 392ஆம் ஆண்டுகளில் பேரரசர் தியோடோசியஸ் பலியிடுதலையும் கோயில் வழிபாட்டையும் தடை செய்தார். 529இல் ஜஸ்டீனியன் காலத்தில் ஏதென்ஸின் தத்துவப் பள்ளி முடிவுக்கு வந்தது. அதன் கடைசித் தலைவர் தமாஸ்கியஸ் தம் தோழர் அறுவருடன் பாரசீக மன்னர் நூஷிர்வானின் அவையை நாடிச் சென்று, சில ஆண்டுகளுள் திரும்பினார். ஓர் எச்சம் மட்டும் ஹர்ரான் நகரில் நீடித்தது. ஸாபியீன்கள் என அறியப்பட்ட அந்நகரத்தார் கோள்களை வழிபட்டனர். கணித மேதை தாபித் இப்னு குர்ரா அவர்களுள் ஒருவர். பக்தாதின் நூல் வணிகர் இப்னு நதீம் 987இல் தொகுத்த ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் அவர்களின் விழாக்கள் மாதவாரியாகத் தரப்பட்டுள்ளன. பின்னர் அவர்களும் மறைந்தனர்.

எஞ்சியவை நூல்களும் கற்களும். ஹோமரின் பெயரால் வழங்கும் துதிகள் 33, ஓர்ஃபியஸின் பெயரால் வழங்கும் துதிகள் 87 நமக்குக் கிடைக்கின்றன. பின்னவற்றில் பலவற்றின் தலைப்பிலேயே இன்ன தெய்வத்திற்கு இன்ன நறும்புகை என்ற குறிப்பு உண்டு. குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் அதில் அடிக்கடி வருகின்றன. இரண்டும் தென் அரபுக் கரையிலிருந்து சென்ற சரக்குகள். ஏதென்ஸை அடுத்த எர்கியா என்னும் ஊரின் கல்வெட்டு, கி.மு. நான்காம் நூற்றாண்டுக்குரியது, இன்னும் துல்லியமானது. எந்த நாளில், எந்த இடத்தில், எந்தத் தெய்வத்திற்கு, என்ன விலையுள்ள ஆடு என்று அது கணக்கு எழுதுகிறது. சில பலிகளின் இறைச்சியை அவ்விடத்திலேயே உண்டு முடிக்க வேண்டும், வெளியே கொண்டு செல்லலாகாது என்றும் விதிக்கிறது. ஊர்ச்செலவைக் கட்டுக்குள் வைக்கப் பொறிக்கப்பட்ட கல் இன்று வழிபாட்டு நூலாகப் படிக்கப்படுகிறது!

அவர்களின் நாட்காட்டியும் பிறையைக் கொண்டு தொடங்குவதே. மாதத்தின் முதல் நாள் புனிதமானது. ஆனால் சூரிய ஆண்டோடு பொருந்துவதற்காக அவ்வப்போது பதின்மூன்றாம் மாதம் ஒன்றைச் சேர்த்தனர். ஏதென்ஸின் பிறையைக் கொள்வதா, தாம் வாழும் ஊரின் பிறையைக் கொள்வதா என்ற கேள்வி அயல்நாட்டில் வாழ்வோருக்கு இயல்பாகவே எழும். இந்தக் கேள்வியின் வெப்பம் நமக்குப் புதிதன்று.

இம்மூலங்களில் பெரும்பகுதி கற்பிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. இரண்டாம் நூற்றாண்டில் பவுசானியாஸ் பத்துப் பகுதிகளில் எழுதிய பயண நூல் கோயில் கோயிலாக நம்மை அழைத்துச் செல்கிறது. எனினும் எலியூசிஸ் என்னும் தலத்தை அடைந்ததும், உள்ளே இருப்பதை எழுதக் கனவு தம்மைத் தடுத்துவிட்டதாகக் கூறி நிறுத்திக்கொள்கிறார். அங்கு சொல்லப்பட்ட மறைமொழியை நமக்குத் தருபவர், அச்சமயத்தைக் கண்டிக்கவே நூல் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் அலெக்ஸாந்திரியாவின் கிளெமெண்ட். அன்பர் மறைத்ததை எதிரி காத்துவைத்தார். அரபுலகிலும் இதற்கு நிகர் உண்டு. இஸ்லாத்திற்கு முந்திய அரபுச் சிலைகளைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பங்கு, ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த ஹிஷாம் இப்னு அல்கல்பீ எழுதிய ‘கிதாபுல் அஸ்னாம்’ தந்தது. லாத்தையும் உஸ்ஸாவையும் வணங்கியவர் எவரும் நமக்கு நூல் விட்டுச் செல்லவில்லை.

கிரேக்க நூல்களைக் காத்த பெருமை அரபு மொழிபெயர்ப்பாளருக்கு உண்டு எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. மருத்துவம், கணிதம், தத்துவம் ஆகியவற்றில் அது உண்மை. வழிபாட்டைப் பொறுத்தவரை இக்கூற்றைக் குறைத்தே கொள்ள வேண்டும். ஹோமரின் இலியட் அரபுச் செய்யுளாக வெளிவந்தது 1904இல்தான், சுலைமான் அல்புஸ்தானியின் கையால். கனவு விளக்கம் பற்றிய ஆர்த்தெமிதோரஸின் நூல், ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் பெயரில் வழங்கும் பெயர்ப்பில், பல இடங்களில் கடவுளர் வானவர்களாக மாறிவிடுகின்றனர். இதற்கு விலக்காக நிற்பவர் அல்பீரூனி. 1030ஐ ஒட்டி எழுதிய இந்தியா பற்றிய நூலில் அவர் இந்துக்களின் நம்பிக்கைகளைக் கிரேக்கரின் நம்பிக்கைகளுக்கு அருகில் வைத்து, பிளேட்டோவையும் அராட்டஸையும் எடுத்தாண்டு விளக்குகிறார். நம்பாததையும் நேர்மையாக எழுத முடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன்.

இடையில் ஒருவர் இச்சமயத்தை மீட்க முயன்றார். மிஸ்த்ராவில் வாழ்ந்த பிளேத்தோன், வழிபாட்டு நாட்காட்டியும் துதிகளும் அடங்கிய ‘சட்டங்கள்’ என்னும் நூலை எழுதினார். அவர் இறந்தபின் அந்நூல் திருச்சபைத் தலைவர் கென்னாதியஸின் கைக்குச் சென்று எரியூட்டப்பட்டது. எஞ்சிய பகுதிகள் 1858இல் பாரிஸில் அச்சேறின. இன்றைய வழிபாட்டாளரின் அலமாரியில் அதிகம் காணத்தக்கவை வேறு: மூலமும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த லோயப் வரிசையும், வால்டர் புர்க்கெர்ட் 1977இல் ஜெர்மன் மொழியில் எழுதிய ‘கிரேக்கச் சமயம்’ போன்ற ஆய்வுகளும். பல்கலைக்கழகத்திற்காக எழுதிய பேராசிரியர்கள், தாம் எண்ணியிராத வகையில், ஒரு சமயத்தின் ஆசிரியர்களாகிவிட்டனர்.

இத்தனை இருந்தும் கை அறியாதது ஒன்று உண்டு. ‘ஒடிஸ்ஸி’யின் மூன்றாம் பகுதியில் முதியவர் நெஸ்தோர் நடத்தும் பலியே நமக்குக் கிடைக்கும் மிக முழுமையான வருணனை. இளம் பசுவின் கொம்பில் பொன்னிடுகின்றனர். கைகழுவ நீரும், தூவ வாற்கோதுமையும் வருகின்றன. மயிரில் ஒரு கொத்தைத் தீயிலிடுகின்றனர். வெட்டு விழும் கணத்தில் நெஸ்தோரின் மனைவியும் மகள்களும் மருமக்களும் ஒருசேர ஒலி எழுப்புகின்றனர். அதற்குக் கிரேக்கத்தில் ‘ஒலொலுகே’ என்று பெயர். அகராதி அதைப் ‘பெண்களின் சடங்குக் கூவல்’ என்று விளக்கும். அது எவ்வளவு நேரம் நீள்வது, எப்படி ஏறி இறங்குவது என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தாமிரபரணிக் கரையில் பேராத்துச்செல்வி அம்மன் கோயில் உள்ளது. இப்பக்கத்து அம்மன் கொடைகளில் பெண்கள் குலவையிடும்போது நாவை இருபுறமும் அசைத்து எழுப்பும் அந்த ஒலி தெருவில் செல்வோர் செவியிலும் விழும். எந்தச் சிறுமிக்கும் அதைக் கற்பிக்க நூல் கிடையாது. பாட்டியின் அருகில் நின்றவள் ஒருநாள் தானே இட்டுவிடுகிறாள். அரபுப் பெண்களின் ‘ஸக்ரூத்தா’வும், இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம் பெண்கள் திருமணங்களில் இடும் குரவையும் இதற்கு உறவு. நெஸ்தோரின் மருமக்கள் எழுப்பியது இதைப் போன்றதாகவே இருந்திருக்கலாம்.

இதே ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த கொற்கையைப் பற்றி முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவர் தம் கடல்வழிக் கையேட்டில் எழுதியுள்ளார். குமரிமுனையில் ஆணும் பெண்ணும் நீராடி வாழ்நாள் நோன்பு ஏற்பதையும், அங்கே ஒரு பெண்தெய்வம் நீராடியதாகச் சொல்லப்படுவதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. முத்துக்குளித்தலைப் பற்றியும் எழுதினார். குமரித் தெய்வத்தின் வழிபாட்டை அவருடைய அந்த ஓரிரு வரிகளிலிருந்து மட்டுமே மீட்டெடுக்க வேண்டிய நிலை வந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என எண்ணிப் பார்க்கலாம்.

பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும், அதற்கு முன்பே நா. வானமாமலை நடத்திய நெல்லை ஆய்வுக் குழுவும் இவ்வட்டாரத்தின் கதைப்பாடல்களையும் வழக்காறுகளையும் திரட்டுவதில் உழைத்துள்ளன. ஒலிநாடாவில் பதிந்த குலவையை நாளை எவரும் கேட்க முடியும். நெஸ்தோரின் முற்றத்தில் எழுந்த ஒலிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஏதென்ஸில் இன்று அதை எழுப்ப விரும்பும் பெண், ஹோமரின் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தன் தொண்டையிலிருந்தே அதைத் தேட வேண்டியிருக்கிறது.