வெட்டினால் விரியும் கம்பி

சைக்கிள் பிரேக் கேபிளைச் சாதாரண கட்டிங் பிளேயரால் நறுக்கிப் பாருங்கள். அந்த நொடியே முனை விரிந்து, கம்பிகள் திசைக்கு ஒன்றாக நீட்டிக்கொள்ளும். பிறகு அதை அவுட்டர் எனும் வெளியுறைக்குள் நுழைப்பது பெரும்பாடு. ஆத்திரத்தில் திணித்தால் விரல்நுனியில் ரத்தம்தான் வரும். உண்மையில், கேபிளுக்கு வலுவும் வளைவும் தந்த அதே குணம்தான் முனையில் அப்படிப் பிசிறாக நிற்கிறது.

பிரேக்குக்குப் போடும் ஒன்றரை மில்லிமீட்டர் கேபிளில் பெரும்பாலும் 19 கம்பிகள் இருக்கும். நடுவில் 1, சுற்றிலும் 6, அதற்கும் வெளியே 12. குறுக்காக எண்ணினால் ஐந்து. ஆக ஒரு கம்பியின் கனம் சுமார் 0.3 மி.மீ. கம்பியை வளைத்தால் வெளிப்பக்கம் நீள வேண்டும், உட்பக்கம் சுருங்க வேண்டும். கனம் கூடக்கூட இந்த இழுபறியும் கூடும். ஒன்றரை மி.மீ. ஒற்றைக் கம்பியைச் சின்ன வளைவில் மடக்கினால் மடங்கியபடியே நின்றுவிடும். ஐந்தில் ஒரு பங்கு கனமுள்ள கம்பிக்கு அதே வளைவில் ஐந்தில் ஒரு பங்கு சிரமம்தான். பத்தொன்பதும் ஒன்றையொன்று உரசி வழுக்கிக்கொண்டு வளைந்து, விட்டதும் நிமிர்கின்றன.

இப்படிக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கும் வித்தை ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வேரூன்றியது. அங்கே சுமை தூக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலே சுமை மொத்தமும் கீழே போய்விடும். 1834-இல் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி, நான்கு இரும்புக் கம்பிகளை ஒரு புரியாக்கி, மூன்று புரிகளைக் கையாலேயே முறுக்கிக் கயிறு செய்தார். அதில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கிக்கொண்டன.

இன்றைய கேபிளின் எஃகு, சூடேற்றாமல் அச்சுத்துளை வழியே இழுத்து இழுத்து மெலிதாக்கியது, நல்ல விறைப்பு. அதை வளைத்து முறுக்கி வைத்தாலும் நிமிரத் துடித்துக்கொண்டேதான் இருக்கும். பக்கத்துக் கம்பிகள்தான் அதை அமுக்கிப் பிடித்திருக்கின்றன. வெட்டியதும் பிடி போகிறது, கம்பி திமிறுகிறது. விமானக் கட்டுப்பாட்டுக் கேபிள்களில் முறுக்குவதற்கு முன்பே கம்பிகளுக்குச் சுருள் வடிவம் கொடுத்துவிடுவதால் இந்தத் திமிறல் வெகுவாகக் குறையும். அவற்றைத் தீயால் அறுக்கக் கூடாது என்பது விமானப் பராமரிப்பு விதி. சூடுபட்ட எஃகு வலுவிழந்துவிடும்.

மீதித் தவறு கருவியுடையது. பிளேயரின் நேரான வாய் கேபிளை மேலும் கீழும் நசுக்குகிறது. உருண்டையாக இருந்தது தட்டையாகிறது, ஓரக் கம்பிகள் பக்கவாட்டில் நழுவுகின்றன, ஒவ்வொன்றும் வெவ்வேறு கணத்தில் அறுகிறது. கேபிள் கட்டரின் வாய் பிறைபோல் வளைந்தது. சுற்றிலும் அணைத்துக்கொண்டு வெட்டுவதால் கம்பி நழுவ இடமே இல்லை.

கட்டர் இல்லையென்றால், வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, அதன் நடுவே சுழலும் கட்டிங் வீலால் அறுக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். துத்தநாகம் பூசிய கேபிளாக இருந்தால் அந்த இடத்தில் முதலில் ஈயம் பற்றவைத்துவிட்டு வெட்டுவது இன்னும் நல்லது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஈயம் லேசில் ஒட்டாது, அதற்கு அமில ஃபிளக்ஸ் வேண்டும். எப்படி வெட்டினாலும், கேபிளைப் பூட்டி முடித்த கையோடு முனைக்கு அலுமினியத் தொப்பி மாட்டி நெரித்துவிடுங்கள். தொப்பியில்லாத முனை பிறகு மெல்ல மெல்லப் பிரிந்து, சைக்கிளைத் துடைக்கும் கையைக் குத்தும்.