மன்னார் வளைகுடாவின் பார் மீன்பிடியும் இளவேனிற் பருவமும்: கடல்சார் வழக்குச் சொற்களை முன்வைத்து

முன்னுரை

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது தமிழ்ப் பொருளிலக்கண மரபு. முல்லைக்கும் குறிஞ்சிக்கும் பெரும்பொழுதுகளை வரையறுக்கும் தொல்காப்பியம், நெய்தலுக்கு எற்பாடு என்னும் சிறுபொழுதை மட்டுமே சுட்டுகிறது. பெரும்பொழுது ஆறும் நெய்தலுக்கு உரியன என்பது பின்வந்தோர் கொள்கை. ஆயினும் கடற்றொழில் ஆண்டு முழுதும் ஒரே தன்மையில் நிகழ்வதன்று. மன்னார் வளைகுடாவில் இளவேனிலை ஒட்டி நிகழும் பார் மீன்பிடியையும், அத்தொழிலில் வழங்கும் சொற்கள் தாங்கி நிற்கும் கடலறிவையும், அவ்வறிவு இன்று எதிர்கொள்ளும் இடர்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

காற்றும் தொழிற்பருவமும்

கடலோர மக்கள் ஆண்டைத் திங்களால் மட்டுமன்றிக் காற்றாலும் பகுத்துக் காண்கின்றனர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் பெயர்கள் திசையோடு தொழிலின் நிலையையும் உணர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்தபின், தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெறும் முன், மாசி முதல் சித்திரை வரையிலான இடைவெளியில் மன்னார் வளைகுடா பெரிதும் அமைதியுற்றிருக்கும், நீரும் தெளியும். முத்துக்குளிப்பு பெரும்பாலும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களை ஒட்டி நடைபெற்றமைக்கு இதுவே காரணம். தூத்துக்குடியில் பெருமளவிலான முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் அதே பார்களில் தூண்டில் மீன்பிடி தொடர்கிறது. கச்சான் வலுக்கும்போது மன்னார் வளைகுடா கொந்தளிக்க, பாக் நீரிணை ஒப்பளவில் அடங்கியிருக்கும். இராமேசுவரம் பகுதியில் மீனவர் பருவத்திற்கேற்பத் தென்கடலுக்கும் வடகடலுக்கும் மாறித் தொழில் செய்வது இதனாலேயே.

‘பார்’ என்னும் சொல்

இலக்கிய வழக்கில் ‘பார்’ உலகையும் நிலத்தையும் குறிக்கும். நிலத்தடியிலுள்ள வலிய அடுக்கைக் குறிக்கும் பொருளும் அச்சொல்லுக்குத் தொன்மையானது. கடலோர வழக்கு இப்பொருளையே கடலடிக்கு நீட்டித்துள்ளது. கடலடியில் மேடுற்றுக் கிடக்கும் பாறைத்தரையும் பவளத்தரையும் ‘பார்’ எனப்படும். தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள தொளாயிரம் பார் போன்று, ஒவ்வொரு பாருக்கும் தனிப்பெயர் உண்டு. முத்துச்சிப்பி விளைந்த பார்கள் சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் அமைந்தவை. மீனவர் ஆழத்தைப் ‘பாகம்’ என்னும் அளவால் கூறுவர். இருகைகளையும் விரித்த நீளமே ஒரு பாகம்.

பாரில் வலை சிக்கிக் கிழியும். ஆகவே அங்குத் தூண்டிலே ஏற்ற கருவி. களவா, விளமீன் முதலியன பாரை உறைவிடமாகக் கொண்டவை. பாறை மீன், வஞ்சிரம் போன்றவை பாரை நாடி இரைதேட வருபவை. இப்பெயர்களைத் தொகுப்போர் வட்டார வேறுபாட்டைக் கருத வேண்டும். தென்கடலோரத்தில் ‘சீலா’ என்பது வஞ்சிரத்தைக் குறிக்க, சென்னைப் பகுதியில் தென்கடலோரத்தார் ‘ஊளி’ என்னும் மீனைக் குறிக்கிறது. ஊர்ப்பெயர் இன்றிப் பதிவுசெய்யப்படும் மீன்பெயர் ஆய்வாளரைப் பிழையான முடிவிற்கு இட்டுச்செல்லும்.

கணியம்

கண்ணுக்குத் தெரியாத பாரைக் கரையடையாளங்களால் கண்டறியும் முறையைக் கன்னியாகுமரிக் கடலோரத்தார் ‘கணியம்’ என்பர். கரையருகே உள்ள கோபுரமோ பனையோ ஒன்றும், அதன் பின்னே தொலைவிலுள்ள குன்று ஒன்றும் ஒரே நேர்கோட்டில் அமையுமாறு படகைச் செலுத்துவது முதற்படி. வேறு திசையில் மற்றோர் இணையும் அவ்வாறே நேர்ப்படும்போது, இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் படகு நிற்கும். பார் அதன் அடியில் இருக்கும். படகு சற்றே விலகினும் முன்னடையாளமும் பின்னடையாளமும் பிரிந்து தோன்றுமாதலால், பிழை உடனே புலப்படும். மேற்குத்தொடர்ச்சி மலை கடலை நெருங்கும் கன்னியாகுமரியில் இம்முறை நெடுந்தொலைவு பயன்படும். தாழ்நிலமான இராமநாதபுரக் கரையில் தீவுகளும் உயர்ந்த கட்டடங்களுமே அடையாளமாக முடியும். ‘நீவாடு’ எனப்படும் நீரோட்டத்தின் போக்கையும் அறிந்தாலன்றித் தூண்டிலைப் பாரின்மீது நிறுத்த இயலாது.

செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவி இன்று கணியத்தின் பணியை எளிதாக்கிவிட்டது. அக்கருவி பாரை எண்களாகக் காட்டும்; பாரின் பெயரையோ, எக்காற்றில் எம்மீன் அங்குப் படும் என்பதையோ காட்டாது. எண்கள் கைமாறும்போது பெயர்கள் கைமாறுவதில்லை.

தடைக்காலமும் கடல்வெப்பமும்

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்கும் பொருட்டு 2001 முதல் 45 நாள்களும், 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்களும் விசைப்படகுகளுக்குத் தடை நடைமுறையில் உள்ளது. இக்கால எல்லை மரபுவழி இளவேனிலோடு ஏறத்தாழ முற்றும் ஒத்திருக்கிறது. மேற்குக் கடற்கரைக்கோ தடைக்காலம் ஜூன், ஜூலை மாதங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப்பகுதி அதனையே பின்பற்றுகிறது. பாரம்பரியக் கலங்கள் இத்தடைக்கு உட்படாமையால், இளவேனிற் கடல் பெரிதும் தூண்டில்காரர்க்கு உரியதாகிறது.

அதே பருவத்தில்தான் பவளத்தரை மிகுந்த நலிவை எய்துகிறது. கடல்நீரின் வெப்பம் 30 பாகை செல்சியசைக் கடந்து நீடிப்பின், பவள உயிரிகள் தம்முள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறுகின்றன. 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இவ்வெளிறல் கடுமையாக நேர்ந்தது. வெப்பம் தணியாவிடில் பவளம் மடியும். மடிந்த பவளத்தின்மீது பாசி படரும். அப்பாசியை மேய்ந்து தரையைத் தூய்மையாக்குபவை கிளிமீனும் ஓராவும். எனவே வெளிறல் நிகழும் ஆண்டில் இம்மீன்களை மிகுதியாகப் பிடிப்பது பாரின் மீட்சியைத் தடுக்கும். எல்லாக் கலங்கட்கும் ஒரே தடை விதிப்பதினும், எப்பாரில் எம்மீனை எப்போது விடுவது என்னும் நுண்ணிய முறையே பயன்தரும். அதனை வகுக்கப் பார்களின் பெயரும் இயல்பும் அறிந்தோரின் துணை இன்றியமையாதது.

முடிவுரை

1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் காப்பிற்குள் கொணர்ந்தது. பார்களின் பெயர்கட்கு அத்தகைய காப்பு இல்லை. பார்ப்பெயர், ஆழம், தரையின் தன்மை, கணிய அடையாளங்கள், மீன்வகை, காற்று ஆகியவற்றை ஊர்வாரியாகத் தொகுக்கும் சொல்லடைவு காலத்தின் தேவை. மீன்வளத்தைக் கவரும் பிறர்க்கு வழிகாட்டியாகிவிடாதவாறு, பார்களின் இருப்பிடத்தை வெளியிடுவதா என்பதை அவ்வூர் மீனவரே முடிவுசெய்தல் வேண்டும். நெய்தல் திணையைப் பாட்டில் பயிலும் தமிழாய்வு, அத்திணையின் வாழும் சொற்களையும் தன் ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் தகும்.