மாசி வீதியின் நள்ளிரவு

ஊரும் வீதியும் – 9

மதுரை மாறிவிட்டது என்று பேச ஆரம்பித்தால், எல்லோரும் கட்டடங்களைத்தான் கணக்கெடுப்பார்கள். எது இடிந்தது, அந்த இடத்தில் எது எழும்பியது என்று பேச்சு போகும். என்னைக் கேட்டால், மாசி வீதிகள் பறிகொடுத்தது தங்கள் இரவைத்தான். வீதிகளின் அமைப்பு பெரிதாகக் கலையவில்லை. கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக விரிந்த ஊர் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இரவு பதினொன்றுக்கு மேல் அங்கே நடந்துபோனால், இது வேறு ஊர்.

சங்கப் புலவர் மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் இந்த ஊருக்கு இரண்டு கடைவீதிகளைக் காட்டுகிறார். பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி. அதோடு விடவில்லை. இரவை யாமம் யாமமாகப் பிரித்து, யார் கடையை அடைக்கிறார்கள், யார் கண்ணயர்கிறார்கள், யார் காவல் சுற்றுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். தூங்கா நகரம் என்று நாம் பெருமையாகச் சொல்வது ஏதோ நேற்று ஒட்டிய பட்டம் இல்லை.

அந்த அல்லங்காடியின் கடைசிக் காலத்தை நான் பார்த்திருக்கிறேன். எண்பதுகளில் வடக்கு ஆவணி மூல வீதி சென்ட்ரல் மார்க்கெட்டுக்குப் பொழுது விடிவதே நள்ளிரவில்தான். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரிகள் வீதிக்குள் பின்பக்கமாக ஊர்ந்து வரும். லோடுமேன்கள் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ‘ஒதுங்கு, ஒதுங்கு’ என்ற ஒரே சத்தத்தில் ஓடுவார்கள். கமிஷன் மண்டிக் கணக்குப்பிள்ளைகள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சிட்டை எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காக டீக்கடை, டீக்கடைக்காகப் பால்காரர், பசித்த லோடுமேனுக்காக இட்லிக்கடை. ஒருவர் விழித்திருந்ததால் இன்னொருவரும் விழித்திருந்தார்.

இரண்டாம் ஆட்டம் விட்டு வருகிற எங்களுக்கும் அந்த இட்லிக்கடைதான். அப்பா என்னை அங்கேதான் கூட்டிப்போவார். கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, ஒரு பெட்ரோமாக்ஸ், ஒரு அக்கா. வெந்த தட்டைக் கவிழ்த்து, துணிமேல் விரலால் தண்ணீர் தெளித்து, ஒரு ஓரத்தில் பிடித்து உரிப்பார். இட்லி ஒன்றுகூடப் பிய்யாது. மந்தார இலையில் சட்னி ஓடுவதற்குள் நாங்கள் வழித்துச் சாப்பிட வேண்டும். “என்னண்ணே, படம் பரவாயில்லையா?” என்று அப்பாவிடம் கேட்பார். அப்பா சொல்கிற பதில் அன்றிரவு வருகிற மற்றவர்களுக்கும் போய்ச் சேரும். படத்துக்கு விமர்சனம் அந்த வண்டியில்தான் முதலில் வெளியானது.

அந்தத் தியேட்டர்களும் போய்விட்டன. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் 1952-ல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள். ஒரு ஆட்டம் விட்டால் ஒரு கிராமமே வீதியில் இறங்கியதுபோல இருக்கும். இப்போது அங்கே ஜவுளிக்கடை. ரயில் நிலையத்துக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பகலெல்லாம் பெரியவர்கள் பேப்பர் படிப்பார்கள். பொழுது சாய்ந்ததும் அது ரீகல் டாக்கீஸாகி இங்கிலீஷ் படம் ஓடும். ஒரே கூரைக்குப் பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. மதுரையின் சாமர்த்தியமே அதுதான்.

1999-ல் மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் வந்தது. வெளியூர்ப் பயணிகளின் இரவு அங்கே போனது. 2010 வாக்கில் சென்ட்ரல் மார்க்கெட்டும் அதே திசையில் போனது. பூ மார்க்கெட்டும் இப்போது அங்கேதான். ஆக, மதுரை இன்றும் விழித்துத்தான் இருக்கிறது. ஆற்றுக்கு வடக்கே, ஊருக்கு வெளியே விழித்திருக்கிறது.

மார்க்கெட்டை மாற்றியது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சந்துகளில் லாரி திரும்புவதற்குள் மனிதர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான். மாற்றம் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரையே இடித்து, அகழியைத் தூர்த்து, புது வீதிகள் போட வைத்தார். அந்த வேலையைப் பார்த்த பெருமாள் மேஸ்திரியும் சர்வேயர் மாரட்டும் இன்றும் வீதிப் பெயர்களாக இருக்கிறார்கள். பிளாக்பர்னுக்கு ஊர் மக்கள் நட்ட விளக்குத்தூண் கீழமாசி வீதி முனையில் நிற்கிறது. சுவரை எடுத்த இடத்தில் அவர்கள் மனிதர்களைக் குடிவைத்தார்கள். நாம் மார்க்கெட்டை எடுத்த இடத்தில் கார்களை நிறுத்தியிருக்கிறோம். அங்கே இப்போது இருப்பது பல அடுக்கு வாகன நிறுத்தம்.

சித்திரைத் திருவிழா 12 நாளும் மாசி வீதிகள் பழையபடி ஆகிவிடுகின்றன. சாமி புறப்பாடு முடிந்த பிறகும் கூட்டம் கலையாது. பருத்திப்பால் அண்டா வரும், பிள்ளைகள் அப்பா தோளில் தூங்கும், பெண்கள் பயமில்லாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். வீதிக்கு இரவு மறந்துபோகவில்லை என்று அப்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் அனுமதி கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் மாசி வீதி இரவைக் கட்டிக் காத்தது தள்ளுவண்டிகள். பத்துப் பேருக்கு அங்கே எங்கே போவது? கணவனும் மனைவியும் ஒரு அடுப்புமாக நடக்கிற பிழைப்பு அது. ரோந்து வண்டியின் விசில் கேட்டால் பாதி வெந்த தட்டோடு தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த வாகன நிறுத்தத்தைச் சுற்றி இரவில் ஐம்பது வண்டிகளுக்கு இடம் குறித்துக் கொடுக்கலாம். ஒரு குடிநீர்க் குழாய், வெளிச்சம், பெண்களுக்குப் பூட்டாத கழிப்பறை, யாரும் விரட்ட முடியாதபடி கையில் ஒரு அட்டை. இவ்வளவுதான் வேண்டும். இதை மாநகராட்சி நினைத்தால் அடுத்த சித்திரைக்குள் செய்துவிடலாம்.

(தொடரும்)