கரவாஜியோவின் 'மத்தேயுவின் அழைப்பு': ஓவியத்தில் ஒளி எங்கிருந்து வருகிறது?

இத்தாலியின் ரோம் நகரில் உள்ள சான் லூயிஜி டெய் பிரான்செசி தேவாலயத்தின் கொண்டரெல்லி சிற்றாலயத்தில், இடப்புறச் சுவரில் இடம்பெற்றுள்ளது 'புனித மத்தேயுவின் அழைப்பு' என்ற ஓவியம். 1599-1600ஆம் ஆண்டுகளில் கரவாஜியோ தீட்டிய இந்த ஓவியம், 3 மீட்டருக்கும் கூடுதலான உயரமும் அகலமும் கொண்டது. பரோக் காலச் சமயக் கலையில் ஒளியே கதைசொல்லியாக மாறியதற்கு இது சிறந்த சான்றாகும்.

வரி வசூலிப்பவரான மத்தேயுவைத் தம்மைப் பின்தொடருமாறு இயேசு அழைத்த நற்செய்தி நிகழ்வே இதன் கரு. இருள் சூழ்ந்த இடத்தில் ஐவர் மேசையைச் சுற்றி அமர்ந்துள்ளனர். மேசையில் நாணயங்கள் உள்ளன. வலப்புறத்தில் இயேசுவும் பேதுருவும் நிற்கின்றனர்.

ஜன்னல் தராத வெளிச்சம்

ஓவியத்தில் ஒரு ஜன்னல் உண்டு. ஆனால், அதன் வழியே வெளிச்சம் வரவில்லை. ஓவியத்திற்கு வெளியே, வலப்புறத்திலிருந்து வரும் ஒளி, இயேசுவின் தலைக்கு மேலாகச் சாய்வாகப் பாய்ந்து, மேசையில் இருப்போரின் முகங்களில் படுகிறது. அவரது நீட்டிய கரமும் அதே திசையையே காட்டுகிறது. அழைப்பின் சொல்லை வரைய இயலாது. அதனால், ஓவியர் அச்சொல்லை ஒளியாக வரைந்துள்ளார்.

சிற்றாலயத்தின் பலிபீடத்திற்கு மேலுள்ள உண்மையான ஜன்னலும் இந்த ஓவியத்திற்கு வலப்புறமே அமைந்துள்ளது. எனவே, ஓவியத்தின் ஒளி அந்த ஜன்னலிலிருந்தே வருவதுபோல் பார்வையாளருக்குத் தோன்றுகிறது.

நிறங்களின் முரண்

மேசையில் இருப்போர் சிவப்பு, மஞ்சள் நிறங்கள் மிளிரும் உடைகளை அணிந்துள்ளனர். சிலரது தொப்பிகளில் இறகுகள் உள்ளன. இவை ஓவியர் காலத்து இத்தாலிய உடைகள். இயேசுவும் பேதுருவுமோ பழங்கால எளிய ஆடையில், வெறுங்காலுடன் காணப்படுகின்றனர். இயேசுவின் உடல் பெரும்பாலும் நிழலில் மறைந்துள்ளது. முகமும் கரமும் மட்டுமே துலங்குகின்றன. தலைக்கு மேல் மெல்லிய கோடாகவே ஒளிவட்டம் தெரிகிறது. செல்வம் நிறங்களில் பளிச்சிட, புனிதம் நிழலில் அமைதியாக நிற்கிறது.

இயேசுவின் கரம், சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கரத்தை ஒத்திருக்கிறது. ஆதாமால் இழந்ததை மீட்க வந்த 'புதிய ஆதாம்' இயேசு என்ற கிறிஸ்தவ நம்பிக்கையை இது நினைவூட்டுகிறது.

மத்தேயு யார்?

'என்னையா?' என்று கேட்பதுபோல் விரலை நீட்டும் தாடிக்காரரே மத்தேயு என்பது மரபான கருத்து. அந்த விரல், மேசையின் இடது ஓரத்தில் நாணயங்களை நோக்கித் தலைகுனிந்திருக்கும் இளைஞரைச் சுட்டுவதாகவும், அவரே மத்தேயு என்றும் சில ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர். இரண்டாவது கருத்தை ஏற்றால் ஓவியத்தின் பொருளே மாறிவிடும்: அழைப்பு வந்துவிட்டது, அழைக்கப்பட்டவர் இன்னும் நிமிரவில்லை.

தாடிக்காரர் மீதும் இளைஞர் மீதும் ஒரே ஒளிதான் விழுகிறது. நாணயங்களை எண்ணுவதில் மூழ்கியவர்கள் மட்டுமே அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்களா என்ற கேள்விக்கு ஓவியர் விடையளிக்கவில்லை.